கணக்கியலில் முனைவர் பட்டம்: தணிக்கை வேலையை விட்டு ஆராய்ச்சிக்கு வரலாமா?

தணிக்கைத்தாள்:

வணக்கம். பட்டயக் கணக்காளர் தேர்வை முடித்துவிட்டு ஒரு தணிக்கை நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கணக்கியலில் முழுநேரமாக முனைவர் பட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் கொஞ்ச காலமாகவே மனதை விட்டுப் போகவில்லை.

எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்கும்போது கடன் போக மிஞ்சும் சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகை நற்பெயர் என்ற பெயரில் ஏட்டில் ஏறும். அதன் மதிப்பு குறைந்துவிட்டதா என்று வருடாவருடம் சோதிக்க வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரே தொழிலில், ஒரே மாதிரி விற்பனை சரிந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று அந்த வருடமே மதிப்பைக் குறைத்து நட்டம் காட்டுகிறது. மற்றது எதிர்கால வருமானத்தை நம்பிக்கையோடு மதிப்பிட்டு இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுகிறது. இரண்டு பேருடைய ஆவணங்களும் சரியாகவே இருக்கின்றன. ஏன் இப்படி என்று யோசிக்கத் தொடங்கும்போதே அடுத்த கோப்பு மேசைக்கு வந்துவிடுகிறது.

இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முனைவர் படிப்பு என்றால் கணக்கியல் தரநிலைகளை இன்னும் ஆழமாகப் படிப்பதா? வேலை அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா? கணிதம் கல்லூரியோடு நின்றுபோனது, அது தடையாகுமா? வயது?

பேரேடு:

வணக்கம் நண்பரே. நான் இத்துறையில் பேராசிரியர்; நிதி அறிக்கைகள் பற்றிய தரவு ஆய்வு செய்கிறவன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தெளிந்துவிடும்.

இல்லை, தரநிலைகளை ஆழமாகப் படிக்கும் படிப்பு அல்ல. ஒரு வருவாயை எப்போது பதிவு செய்ய வேண்டும் என்பதில் உங்களுக்கு இன்று இருக்கும் தேர்ச்சி பல முனைவர்களுக்குக் கிடையாது. அதை யாரும் அங்கே கற்றுத்தரப் போவதும் இல்லை. முதல் இரண்டு வருடம் நுண்பொருளியல், புள்ளியியல், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் முறை), கொஞ்சம் நிதியியல், சில இடங்களில் உளவியல் அல்லது சமூகவியல், இவற்றோடு ஆய்வுக் கட்டுரைகளை வரிவரியாக அலசும் வகுப்புகள். கணக்கு எழுதுவது எப்படி என்ற கேள்வியே அங்கே வராது. கணக்கு எழுதுகிறவர்களும் அதைப் படிக்கிறவர்களும் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1960கள் வரை கணக்கியல் எழுத்துகளில் பெரும்பகுதி எந்த முறை சரியானது என்ற வாதம்தான். பழைய விலையில் ஒரு சொத்து, இன்றைய விலையில் இன்னொன்று என்று கலந்து கூட்டி வரும் இலாப எண்ணுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. ரே பால், பிலிப் பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 1968-இல் அதை வேறு விதமாக அணுகினார்கள். அந்த எண் பயனற்றது என்றால் பங்கு விலை அதைப் பொருட்படுத்தக் கூடாது அல்லவா? 261 நிறுவனங்களின் 1957 முதல் 1965 வரையிலான வருடாந்திர இலாபத்தை எடுத்து, எதிர்பார்த்ததைவிடக் கூடியவை, குறைந்தவை என்று பிரித்துப் பங்கு விலையோடு சேர்த்துப் பார்த்தார்கள். விலை இலாபத்தின் திசையிலேயே நகர்ந்திருந்தது. ஆனால் ஆண்டறிக்கை சொல்லும் செய்தியில் 85 முதல் 90 சதவீதம் அது வெளிவருமுன்பே விலையில் சேர்ந்துவிட்டிருந்தது. எண்ணுக்குப் பொருள் உண்டு, சந்தையோ அதற்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு முடிவும் ஒரே படத்தில். அந்தக் கட்டுரையை ஒரு முன்னணி இதழ் முதலில் ஏற்கவில்லை. பிறகு ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச் வெளியிட்டது. இன்று எந்த முனைவர் வகுப்பிலும் அதைத் தாண்டாமல் போக முடியாது.

உங்கள் நற்பெயர் கேள்வி ஏற்கெனவே ஆராய்ச்சிக் கேள்விதான். மேலாளரின் ஊக்கத்தொகை இலாபத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா? வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் நிகர மதிப்பு இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா? தலைமை அதிகாரி புதிதாக வந்தவரா? புதிதாக வந்தவர் பழைய நட்டத்தையெல்லாம் முதல் வருடமே ஏற்றிவிட்டால் பழி முந்தையவருக்கு, அடுத்த வருட உயர்வு தனக்கு. கேள்விகள் இப்படிக் கிளைக்கும். கஷ்டம் எங்கே வருகிறது என்றால், வணிகம் உண்மையிலேயே மோசமானதால் மதிப்பைக் குறைத்தாரா, ஊக்கத்தொகைக்காகவா என்று பிரித்துக் காட்டுவதில். ஐந்து வருடப் பயிற்சி முழுவதும் ஒருவகையில் அந்தப் பிரிப்புக்குத்தான்.

மூன்றாமாண்டு:

பேரேடு சார் சொன்னதில் அந்தக் கடைசி வரியை நான் தினமும் அனுபவிக்கிறேன். அவர் சொன்ன பிரிப்புக்கு ஒரு நல்ல உதாரணம் ஜெனிஃபர் ஜோன்ஸ் 1991-இல் எழுதிய கட்டுரை. அமெரிக்காவில் இறக்குமதியால் பாதிக்கப்பட்டோம், பாதுகாப்பு கொடுங்கள் என்று அரசிடம் கேட்ட நிறுவனங்கள் விசாரணை நடக்கும் காலத்தில் தங்கள் இலாபத்தைக் குறைத்துக் காட்டினவா என்று பார்த்தார். எல்லா நிறுவனமும் இலாபத்தை உயர்த்திக் காட்டத்தான் விரும்பும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, குறைத்துக் காட்டக் காரணம் உள்ள ஒரு சூழலைத் தேடிப் பிடித்தாரே, அதுதான் அந்தக் கட்டுரையின் அழகு. விற்பனை மாற்றத்தையும் நிலையான சொத்துகளின் அளவையும் வைத்து, பணமாகக் கைக்கு வராத வரவுசெலவு வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டார். அதிலிருந்து விலகி நிற்பது மேலாளர் தன் விருப்பப்படி செய்தது என்று கொண்டார். விசாரணை நடந்த வருடத்தில் அந்த விலகல் இலாபத்தைக் குறைக்கும் திசையில் இருந்தது. அந்த மாதிரியை எத்தனையோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள், திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் இன்றும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

கணிதம் பற்றிக் கேட்டீர்கள். தடையாகாது, ஆனால் தள்ளிப்போடவும் முடியாது. வகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு மூன்றும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். நுண்பொருளியல் வகுப்பில் முதல் வாரமே நிரூபணங்கள் வரும். பக்கத்தில் பொருளாதார மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். சேருவதற்கு முன் ஒரு வருடம் மாலைகளில் உட்கார்ந்து பயிற்சிக் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்தால் போதும். வீடியோ பார்த்துத் தலையாட்டுவது மட்டும் போதாது.

அப்புறம், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டேட்டா, ஆர், பைத்தான் ஏதாவது ஒன்று. கம்பியூஸ்டாட் என்ற தரவுத் தளத்தில் நிறுவனங்களின் கணக்கு எண்கள், சிஆர்எஸ்பி என்ற தளத்தில் பங்கு விலைகள், எட்கர் தளத்தில் அமெரிக்க நிறுவனங்கள் தாக்கல் செய்த மூல அறிக்கைகள். இந்த மூன்றையும் தேதி பிசகாமல், நிறுவனக் குறியீடு மாறாமல் ஒன்றிணைப்பதிலேயே மாதங்கள் ஓடும். நிதியாண்டு முடியும் தேதிக்கும் அறிக்கை வெளியான தேதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் முடிவே தலைகீழாகும். தணிக்கை செய்தவர்களுக்கு இந்த இடத்தில் கை தானாகவே எச்சரிக்கையாக இருக்கும். என் வகுப்பில் தரவில் பொருந்தாத எண்ணை முதலில் கண்டுபிடிப்பவர் முன்பு தணிக்கையில் இருந்தவர்தான்.

ஐந்தொகை:

வேலை அனுபவத்துக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இதுவரை ஒருவர்தான் பதில் தொட்டிருக்கிறார். நான் பரிசோதனை வழி ஆய்வு செய்கிறேன், தணிக்கையாளர்களின் தீர்ப்பு பற்றி. எங்கள் பக்கத்தில் அனுபவம் பெரிய சொத்து.

ஒரு தணிக்கை மேலாளருக்கு இரண்டு விதமாக எழுதப்பட்ட ஒரே சூழலைக் கொடுத்து அவர் முடிவு மாறுகிறதா என்று பார்ப்போம். உதாரணமாக, வாடிக்கையாளரின் மதிப்பீட்டை இளநிலைத் தணிக்கையாளர் சந்தேகித்து விரிவாகச் சோதிக்கிறார். கூடுதல் நேரம் செலவாகிறது. கடைசியில் தவறு ஏதும் அகப்படவில்லை. அவரை மேலாளர் எப்படி மதிப்பிடுவார்? தவறு அகப்பட்டிருந்தால் எப்படி மதிப்பிட்டிருப்பார்? சந்தேகப்பட்டதற்குப் பரிசு முடிவைப் பொறுத்தே கிடைக்கிறது என்றால் அடுத்த முறை அந்த இளையவர் சந்தேகப்படவே தயங்குவார். இப்படி ஒரு கேள்வி தணிக்கை அறையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தோன்றும். சூழலை நம்பும்படி எழுதவும் அவரால்தான் முடியும். பங்கேற்கத் தணிக்கையாளர்கள் வேண்டுமே, அவர்களை அணுகும் வழியும் உங்களுக்கு இருக்கும்.

தணிக்கை, வரி இரண்டிலும் முனைவர்கள் போதவில்லை என்ற கவலை பழையது. அதனால்தான் 2008-இல் அமெரிக்காவில் கணக்காளர் நிறுவனங்கள் பணம் போட்டு, தொழிலில் இருந்தவர்களை முனைவர் படிப்புக்கு அனுப்பும் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே அது வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். அனுபவம் கேள்வியைத் தரும், பதிலைத் தராது. நான் பார்த்திருக்கிறேன், இதுதான் நடக்கும் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னால் எத்தனை நிறுவனங்களில் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மனம் புண்படாமல் இருக்கப் பழக வேண்டும்.

களக்குறிப்பு:

இழை முழுக்கத் தரவும் பரிசோதனையுமாகவே போகிறது. கணக்கியல் ஆராய்ச்சி அவ்வளவுதான் என்று புதிதாக வருபவர் நினைத்துவிடக் கூடாது.

ஆண்டனி ஹாப்வுட் 1976-இல் அக்கவுண்டிங், ஆர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி இதழைத் தொடங்கினார். அந்த மரபில் கேட்கப்படும் கேள்விகள் வேறு. ஒரு மருத்துவமனையில் செலவுக் கணக்கு முறை புகுந்த பிறகு மருத்துவர்கள் நோயாளியைப் பற்றிப் பேசும் மொழி எப்படி மாறுகிறது? பட்ஜெட்டை வைத்து அளக்கப்படும் மேலாளர் தன் கீழ் உள்ளவர்களை எப்படி நடத்துகிறார்? இதற்கெல்லாம் நிறுவனத்துக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, கூட்டங்களைக் கவனித்து, நேர்காணல் எடுத்து எழுத வேண்டும். பிரிட்டன், ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியாவில் இந்த மரபு வலுவாக இருக்கிறது.

தணிக்கைத்தாள், நீங்கள் சொன்ன இரண்டு கோப்புகளைப் பாருங்கள். கூட்டத்தில் எதிர்கால வருமான மதிப்பீடு எப்படி உருவாகிறது, யார் எந்த எண்ணை முதலில் சொல்கிறார், தணிக்கையாளர் எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்பதை எந்தத் தரவுத் தளமும் பதிவு செய்யவில்லை. அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பேரேடு:

களக்குறிப்பு சொல்வதை ஏற்கிறேன். அந்தக் கூட்டத்துக்குள் நடப்பது என் தரவில் தெரியாது. ஆனால் நடைமுறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே வேலைச் சந்தையையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணிக்கு எண்ணப்படும் இதழ்களில் தரவு ஆய்வுதான் மிக அதிகம். களஆய்வு செய்து அங்கே வேலை தேடுவது கடினம்.

களக்குறிப்பு:

உண்மைதான். அதை நான் குறையாகவே பார்க்கிறேன். எந்த முறைக்கு வேலை கிடைக்கும் என்பது எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. ஆனாலும் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை அது. அதனால்தான் எந்த நாடு, எந்தத் துறை என்பதற்கு முன் எந்த வகைக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று பாருங்கள்.

நிகரஇருப்பு:

விட்டு வெளியே வந்தவர் ஒருவர் குரலும் இருக்கட்டும். பாடங்கள், தகுதித் தேர்வு எல்லாம் முடித்த பிறகு வெளியேறினேன். இப்போது ஒரு நிறுவனத்தில் நிதித் தரவுப் பகுப்பாய்வு. அங்கே கற்ற எக்கனாமெட்ரிக்ஸ்தான் இன்று சோறு போடுகிறது, வருத்தம் இல்லை.

என் நெறியாளர் நடுவில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். என் தலைப்பைப் புரிந்துகொள்ளும் இன்னொருவர் அந்தத் துறையில் இல்லை. துறையும் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. நீயே பார்த்துக்கொள் என்ற நிலை. இது யாருக்கும் நடக்கலாம். பேராசிரியர்கள் இடம் மாறுவது சகஜம். அதனால் ஒருவரை மட்டும் நம்பிச் சேராதீர்கள். உங்கள் வகைக் கேள்வியில் வேலை செய்பவர்கள் குறைந்தது இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இணையதளத்தில் பதில் இருக்கும். இரண்டாவதற்குத் தற்போதைய மாணவர்களிடம் தனியாகப் பேசினால்தான் கிடைக்கும். அவர்களோடு பேசத் துறை வழி செய்து தரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பணம் பற்றி யாரும் பேசவில்லை. நல்ல முழுநேரத் திட்டங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிக்காக மாத உதவித்தொகை உண்டு. ஆனால் அது தணிக்கை மேலாளர் சம்பளம் அல்ல. உதவித்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். இத்தனை வருடம் வாங்காமல் விடும் சம்பளம்தான் உண்மையான செலவு. குடும்பம் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாருங்கள்.

தணிக்கைத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. களக்குறிப்பு சொன்ன அந்தக் கூட்டம் பற்றிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்க முடியுமா? டிபிஏ (வணிக நிர்வாக முனைவர் பட்டம்) என்று ஒன்று சொல்கிறார்களே, அது இதற்கு மாற்றா?

ஐந்தொகை:

டிபிஏ தொழிலில் தொடர விரும்புகிறவர்களுக்கானது. உங்கள் நிறுவனத்திலோ தொழிலிலோ உள்ள ஒரு சிக்கலை ஆய்வு முறையோடு அணுகக் கற்றுத்தரும். பெரும்பாலும் பகுதிநேரம், கட்டணம் உங்கள் கையிலிருந்து. கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட கல்லூரிகளில் அதை வைத்துப் பணி கிடைப்பதுண்டு. ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் வேலை வேண்டும் என்றால் முழுநேர முனைவர் பட்டம்தான் வழி.

பகுதிநேர முனைவர் பட்டம் பிரிட்டன் மரபில் உண்டு. அமெரிக்க மரபில் அரிது. முழுநேரம் என்றால் பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் மூன்று நான்கு வருடம், முதலிலேயே ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்து நுழைய வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக ஐந்து வருடம், திட்டம் கேட்க மாட்டார்கள். பாடங்கள் படித்தபின் கேள்வியைக் கண்டுபிடித்தால் போதும். கேள்வி கையில் தெளிவாக இருப்பவருக்கு முதல் வழி பொருந்தும். முறையியலில் அடித்தளம் இல்லை என்று நினைப்பவருக்கு இரண்டாவது வழி பாதுகாப்பு. உங்களுக்கு இரண்டாவதைச் சொல்வேன். கேள்வி இருக்கிறது, கருவி இல்லை.

மூன்றாமாண்டு:

வயது பற்றி விட்டுப்போனது. கணக்கியல் முனைவர் படிப்பில் முப்பதுகளில் சேர்வது புதுமையே அல்ல, தொழிலில் இருந்து வருபவர்கள் அதிகம் என்பதால். படிக்கும் திறனைவிட மெதுவான வேகத்தைத் தாங்கும் பொறுமைதான் சோதிக்கப்படும். தணிக்கையில் அறிக்கைத் தேதி வந்தால் வேலை முடிந்தது. இங்கே ஒரு கட்டுரை கருத்தரங்குகளில் சுற்றி, இதழுக்குப் போய், திருத்தி அனுப்பு என்று திரும்பி வந்து, மறுபடி போய் அச்சாக வருடங்கள் ஆகும். கெடு என்று யாரும் வைக்காத வேலையில் காலையில் எழுந்து உட்கார முடிகிறதா என்பதை வேலையை விடுமுன்பே சோதித்துப் பார்க்கலாம். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை, யாரும் கேட்காமல், ஆறு மாதம் படியுங்கள். அது சலிக்கவில்லை என்றால் நம்பி வரலாம்.

தணிக்கைத்தாள்:

சரி, அதை இந்த வாரமே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று. விண்ணப்பிக்குமுன் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது நல்லதா? நோக்க உரையில் என் தொழில் சாதனைகளை எழுதலாமா? பரிந்துரைக் கடிதம் தர நிறுவனப் பங்குதாரர்கள் தயாராக இருக்கிறார்கள்.

பேரேடு:

பிரிட்டன் முறையில் பெரும்பாலும் எழுத வேண்டியிருக்கும். நெறியாளர் சம்மதம் இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பம் நகராது. அமெரிக்க முறையில் சேர்க்கையைக் குழு முடிவு செய்யும், மின்னஞ்சல் கட்டாயம் இல்லை. எழுதினால் சுருக்கமாக எழுதுங்கள். என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை என் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் போனவை. என் கட்டுரை ஒன்றைப் படித்து, இந்த முடிவு கடன் ஒப்பந்தம் இல்லாத நிறுவனங்களிலும் நிற்குமா என்று இரண்டே வரி கேட்டு ஒருவர் எழுதினார். அவருக்கு அன்றே பதில் போட்டேன்.

நோக்க உரையில் சாதனைப் பட்டியல் வேண்டாம், அது தன்விவரத்தில் இருக்கும். நீங்கள் இந்த இழையின் முதல் பதிவில் நற்பெயர் பற்றி எழுதிய பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, இதுவரை யார் என்ன கண்டிருக்கிறார்கள், எது மிச்சம், அதற்கு எந்தத் தரவு அல்லது எந்தக் களம் வேண்டும் என்று ஒரு பக்கம் சேருங்கள். வாடிக்கையாளர் யார் என்று அடையாளம் தெரியும்படி எதுவும் வேண்டாம். இரகசியம் காக்கத் தெரியாதவர் என்று முதல் வரியிலேயே தோன்றிவிடும்.

பரிந்துரைக் கடிதத்தில் ஒன்று பங்குதாரரிடம் வாங்கலாம். மற்ற இரண்டும் உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களிடமிருந்து வரட்டும். கடின உழைப்பாளி என்று பங்குதாரர் எழுதுவார். குழுவுக்குத் தெரிய வேண்டியது, பதில் இல்லாத கேள்வியோடு இவரால் இருக்க முடியுமா என்பது. அதைச் சொல்லக்கூடிய பழைய ஆசிரியர் யாரும் இல்லையென்றால், ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை எக்கனாமெட்ரிக்ஸ் பாடம் ஒன்றை மட்டும் மாலையில் எடுத்துப் படியுங்கள். கணிதமும் பழகும், கடிதம் எழுத ஒருவரும் கிடைப்பார். ஜிமேட், ஜிஆர்ஈ என்ற நுழைவுத் தேர்வுகளில் எது கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு திட்டத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். அவற்றில் கணிதம் சார்ந்த அளவறி பகுதியின் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்போம்.

நோக்க உரையின் முதல் வரைவு தயாரானதும் இங்கே போடுங்கள். களக்குறிப்பும் நானும் அதில் ஒத்துப்போக மாட்டோம், ஆனால் இரண்டு பக்கக் கருத்தும் உங்களுக்குக் கிடைக்கும்.